ஆறு மாதம், நான்கு நாவல்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில்தான் தினமும் வேலைக்குப் போய்வருகிறேன். கடந்த ஆறு மாதத்தில் அந்தப் பயணத்தில் நான்கு தமிழ் நாவல்களைப் படித்தேன். பூமணியின் ‘வெக்கை’, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. எல்லாமே பழைய புத்தகங்கள், எனக்கு மட்டும் புதியவை.

படித்ததை அன்றைக்கே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் எனக்கு. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் சொல்வேன், அக்கா மகளிடம் போனில் சொல்வேன், ரயிலில் தினமும் எதிரே உட்காரும் இரண்டு பேரிடமும் சொல்வேன். இவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதியிருக்கிறேன்.

கதைப் புத்தகம் படிச்சு என்னக்கா கிடைக்குது?

தகவல் வேண்டும் என்றால் நாவல் அதற்கு ஏற்ற இடம் இல்லை. எனக்குக் கிடைப்பது வேறு. ‘வெக்கை’ படித்த வாரத்தில், பல்லாவரத்தில் ஏறிய ஒரு அப்பாவையும் பையனையும் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா பேசவே இல்லை. பையன் தூங்கி விழும்போதெல்லாம் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். நாவல் படிக்காமல் இருந்திருந்தால் அந்தத் தோள் என் கண்ணில் பட்டிருக்காது.

நாவல்னாலே பயமா இருக்கு. எதுல ஆரம்பிக்கலாம்?

‘வெக்கை’யில் ஆரம்பிக்கலாம். சிறிய நாவல். முதல் பக்கத்திலேயே சம்பவம் நடந்துவிடுகிறது, அப்புறம் கீழே வைக்க முடியாது. சென்னைக்காரராக இருந்தால் ‘தண்ணீர்’. அதுவும் சிறியதுதான். ‘கோபல்ல கிராமம்’ மூன்றாவதாக வரட்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

காசு போட்டு வாங்கித்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உங்கள் பகுதிக் கிளை நூலகத்திலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நான் ‘அசுரன்’ படம் பாத்துட்டேன். அப்புறம் எதுக்கு ‘வெக்கை’ படிக்கணும்?

இதை என்னிடம் கேட்காத ஆளே இல்லை. 1982-இல் வந்த ‘வெக்கை’யிலிருந்து எடுத்ததுதான் 2019-இல் வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’. அண்ணனைக் கொன்றவனைத் தம்பி வெட்டுகிறான், அப்பாவும் மகனும் தலைமறைவாகிறார்கள். இந்த எலும்பு இரண்டிலும் ஒன்று. ஆனால் படத்தில் பெரிய இடத்தை எடுத்துக்கொள்ளும் அப்பாவின் முன்கதை, நாவலில் அந்த உருவில் இல்லை. படம் அப்பாவின் படம். நாவல் பையனுடையது, பதினைந்து வயதுச் சிதம்பரத்தினுடையது.

இன்னொரு பெரிய வித்தியாசம் வேகம். படத்தில் ஓட்டமும் சண்டையும் அதிகம். நாவலில் பதுங்கியிருக்கும் நாட்கள்தான் அதிகம். பசிக்கு என்ன கிடைக்கும், தண்ணீர் எங்கே இருக்கும், இன்று இரவு எங்கே படுப்பது என்றே பக்கங்கள் போகின்றன. கரிசல் காட்டில் எந்தச் செடி எங்கே இருக்கும், எந்த ஓடையில் ஒளியலாம் என்று அப்பாவுக்குத் தெரிந்திருப்பதைப் படிக்கப் படிக்க, அந்த மண்ணே இரண்டு பேரையும் மடியில் வைத்து மறைப்பது போல எனக்கு இருந்தது. படத்தை விரும்பிப் பார்த்தவள்தான் நான். அதனாலேயே இதைப் படிக்கச் சொல்கிறேன்.

கொலை பண்ணின பையன் மேல பாவம் வருதே, அது தப்பில்லையா?

தப்பில்லை. சிதம்பரம் கையை வெட்டத்தான் நினைக்கிறான். உயிர் போய்விடுகிறது. நாவல் இதை வீரமாகக் கொண்டாடவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. அவன் பின்னாலேயே நம்மை நடக்க வைக்கிறது. ஒரு கட்டத்தில் அவன் கொலைகாரன் என்பதை மறந்து, சாப்பிட்டானா என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன். அதை உணர்ந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செய்தித்தாளில் ‘சிறுவன் வெறிச்செயல்’ என்று நான்கு வரி வந்திருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்த நான்கு வரிக்குப் பின்னால் அவன் அம்மா, தங்கை, செத்துப்போன அண்ணன், பறிபோகப் பார்த்த நிலம் எல்லாம் இருக்கின்றன. பாவப்படுவது கொலையை ஒப்புக்கொள்வது ஆகாது.

‘தண்ணீர்’ படிச்சேன், அதுல ஒண்ணுமே நடக்கலையே?

குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைவது உங்களுக்கு ‘ஒண்ணுமே இல்லை’ என்று பட்டால், நீங்கள் அந்த வரிசையில் நின்றதில்லை என்றுதான் நினைப்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகச் சொல்கிறேன். ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள். ஜமுனாவுக்கு சினிமாவில் நடிக்க ஆசை. அந்த ஆசையைக் காட்டி அவளைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர்ராவ் என்று ஒருவன். இவர்களைச் சுற்றி ஒரு சென்னைத் தெரு, அந்தத் தெருவில் தண்ணீர் இல்லை. கதை இவ்வளவுதான்.

2019 கோடையில் எங்கள் தெரு அப்படித்தான் இருந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நான்கு ஏரியும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடியற்காலை மூன்றரை மணிக்கு ஹாரன் கேட்கும். அம்மா முந்தின இரவே குடங்களை வரிசையில் வைத்துவிடுவார். எங்களுடையது நீலக் குடம், கழுத்தில் சிவப்பு நாடா கட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரோடு இருபது வருடப் பழக்கம். ஒரு குடம் முன்னே நகர்ந்துவிட்டதற்காக அவரும் அம்மாவும் மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர் இல்லாமல் போனால் முதலில் வறண்டு போவது அக்கம்பக்கம்தான். 1970-களில் எழுதிய நாவலில் அதைப் படித்தபோது, இவர் எங்கள் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார் என்று கேட்கத் தோன்றியது.

‘ஒண்ணுமே நடக்காத’ மாதிரி எழுதுவது அசோகமித்திரனின் கை. குரலை உயர்த்தவே மாட்டார். பெரிய துயரத்தைக்கூட, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்லும் அதே குரலில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நான் இரண்டு பக்கம் தாண்டிய பிறகுதான் வலித்தது.

ஜமுனா மேல எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஏமாத்துறான்னு தெரிஞ்சும் ஏன் அவன்கூடப் போறா?

எனக்கும் முதல் வாசிப்பில் கோபம்தான் வந்தது. ஒருநாள் ரயிலில் சத்தமாகவே ‘போகாதேடி’ என்று சொல்லிவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஆனால் கோபத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அவளுக்குப் போக வேறு எந்த இடம் இருந்தது என்று நாவலைத் திருப்பிப் பாருங்கள். அம்மா மனநிலை சரியில்லாதவள். தங்கையோ வேலைக்குப் போய்க்கொண்டு, ராணுவத்தில் இருக்கும் கணவனுக்காகக் காத்திருப்பவள். ஜமுனாவிடம் இருப்பது தோற்றமும் ஒரு நம்பிக்கையும் மட்டும்தான்.

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். சினிமாவின் வெளிச்சத்துக்கு வெளியே, வாசலில் காத்திருக்கும் மனிதர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதனால்தான் ஜமுனாவை முட்டாளாகவும் எழுதவில்லை, தியாகியாகவும் எழுதவில்லை. அந்தத் தெருவில் இருக்கும் டீச்சரம்மா தன் வாழ்க்கையைப் பற்றி ஜமுனாவிடம் பேசும் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எனக்கு இந்த ஆறு மாதத்தில் படித்ததிலேயே மிகச் சிறந்த பக்கங்கள் அவை. ஆறுதல் சொல்கிற மாதிரியே இருக்காது. ஆனால் அதைக் கேட்ட பிறகு ஜமுனாவால் எழுந்து நிற்க முடிகிறது.

வட்டார வழக்கு எனக்குப் புரியவே இல்ல. அகராதி வெச்சுக்கிட்டா கதை படிக்கிறது?

முதல் இருபது பக்கம் எனக்கும் தடுக்கியது. வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத சொல் பல நேரம் காதுக்குப் புரிந்துவிடும். எங்கள் அப்பா வழி திருநெல்வேலிப் பக்கம். ‘வெக்கை’யில் ‘அய்யா’, ‘ஆத்தா’ என்று வரும்போது எனக்கு ஊர்க் குரலே கேட்டது. மற்றவர்களுக்கும் ஐம்பது பக்கத்தில் பழகிவிடும்.

அகராதிதான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதியையே தொகுத்தவர் ‘கோபல்ல கிராமம்’ எழுதிய கி.ரா. ஒரு எழுத்தாளர் தன் ஊர்ப் பேச்சை இவ்வளவு மதித்தார் என்பதற்காகவே அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

‘கோபல்ல கிராம’த்துல மெயின் கதை எங்க இருக்கு? கிளைக்கதையாவே போகுதே.

இதனால்தான் மூன்றாவதாகப் படியுங்கள் என்றேன். ஒரு கதாநாயகன், ஒரு சிக்கல், ஒரு முடிவு என்று எதிர்பார்த்தால் அது கிடைக்காது. அங்கே கதாநாயகன் ஊர். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பித்து வந்த ஒரு கூட்டம் கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்குகிறது. அந்த நினைவையெல்லாம் சேர்த்து வைத்திருப்பவள் நூறு வயதைத் தாண்டிய ஒரு பூட்டி. பூட்டி வரிசையாகவா கதை சொல்வாள்? ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வரும், அதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவாள்.

ஆனால் தொடக்கத்தில் ஒரு காட்சி இருக்கிறது, அதைப் படித்துவிட்டு யாராலும் பாதியில் நிறுத்த முடியாது. தனியாக வந்த ஓர் இளம்பெண் தாகத்துக்குக் குளத்தில் இறங்குகிறாள். காதில் கிடக்கும் நகைக்காக ஒரு கள்ளன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். மூச்சு முட்டும்போது அவள் வாயில் அகப்பட்டது அவனுடைய கால் கட்டைவிரல். கடித்தாள். உயிர் போன பிறகும் பல் விடவில்லை. அதைப் படித்த அன்று இரவு சாப்பிடும்போது என் தாடை தானாக இறுகியது. அவளால் கத்த முடியவில்லை, ஓட முடியவில்லை, ஆனால் குற்றவாளியைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் செத்தாள்.

அதுல வர்றதெல்லாம் உண்மையா நடந்ததா? ஆத்தைக் கடக்க மரம் வளைஞ்சு குடுத்துச்சாமே?

துரத்திக்கொண்டு வருபவர்களிடமிருந்து தப்பி ஓடி வரும் மக்கள். எதிரே கரைபுரளும் ஆறு. மரம் ஒன்று வளைந்து அக்கரைக்கு வழி கொடுத்தது. மரம் வளைந்ததா என்று தாவரவியலில் தேட வேண்டாம். தப்பிப் பிழைத்தவர்கள் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், அந்தச் சொல் உண்மை. எங்கள் பாட்டி 1964 புயலைப் பற்றிச் சொல்லும்போது, வாசல் வேப்பமரம்தான் வீட்டைத் தாங்கிப் பிடித்தது என்பாள். நாங்கள் யாரும் மறுத்ததில்லை. இடைசெவலில் பிறந்த கி.ரா., காதில் விழுந்த அந்தச் சொல்லை அந்தப் பேச்சோடே பேப்பரில் இறக்கியிருக்கிறார்.

‘புத்தம் வீடு’ படிச்சுட்டு ஆபீஸ்ல ஏன் அழுதீங்க?

1964-இல் வந்த நாவல் இது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பனைவிளை என்ற ஊர், நொடித்துப்போன ஒரு பெரிய வீடு, அந்த வீட்டுப் பெண் லிஸி. பனையேறும் குடும்பத்துத் தங்கராஜ் மேல் அவளுக்கு அன்பு. காதல் கதை என்றுதான் கையில் எடுத்தேன். நான் அழுதது காதலுக்காக இல்லை. லிஸி பெரியவளானதும் அவளை வீட்டுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போச்சு, வெளி உலகம் போச்சு. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. உலகத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று அன்பாகவே செய்கிறார்கள்.

என் அத்தைக்கும் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதே காரணம்தான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, அத்தை வீட்டு அடுக்களைக் கதவின் உட்பக்கம் சாக்பீஸால் பால் கணக்கு எழுதியிருக்கும். கால் லிட்டர், அரை லிட்டர், பாக்கி, எல்லாம் கோடு போட்டது போல நேராக இருக்கும். ஒரு எண்ணின் கீழ் இன்னொரு எண் அச்சாக உட்கார்ந்திருக்கும். வாத்தியார் சரி போட்டுத் திருப்பிக் கொடுக்கிற நோட்டு மாதிரி. சின்ன வயதில் அந்தக் கதவில் நான் வரைந்து விளையாடுவேன். கணக்கு இருக்கும் பக்கம் மட்டும் கை வைக்க அத்தை விடமாட்டாள். அது வெறும் பால் கணக்கு இல்லை என்று அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு நாவலைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அத்தை இப்போது இல்லை.

நீங்க சொல்றதெல்லாம் உங்க சொந்தக் கதை. நாவலைப் பத்திப் பேசற மாதிரியே இல்லையே?

நியாயமான கேள்வி. ‘தண்ணீர்’ பற்றிச் சொன்ன பதிலையும் அத்தையைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நான் என் அனுபவத்தோடுதான் உள்ளே போகிறேன், வேறு வழி தெரியவில்லை. ஆனால் அது பாதி வழி. முதல் வாசிப்பில் நீலக் குடத்தை நினைத்து நினைத்து, சாயாவை நான் கவனிக்கவே இல்லை. இரண்டாவது முறை படித்தபோதுதான், அக்காவைக் கண்டிக்கும் அந்தத் தங்கைக்கும் தூக்க முடியாத பாரம் இருப்பது தெரிந்தது. என் குடம் மறைத்த இடத்தில் சாயா நின்றிருந்தாள்.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஏதாவது பக்கத்தில் தொண்டை அடைத்தால், ரயிலிலிருந்து இறங்கும் முன் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போய், எந்த வரியில் அது நடந்தது என்று தேடுவேன். பெரும்பாலும் சோகமான வரியாக இருக்காது, ரொம்பச் சாதாரணமான வரியாக இருக்கும்.

கதை என்ன கருத்து சொல்லுது, அதை ஒரு வரில சொல்லுங்க.

பள்ளிக்கூடத்தில் ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது’ என்று எழுதிப் பழகிவிட்டோம். கட்டைவிரலைக் கடித்த அந்தப் பெண்ணுக்கு ஒரு வரிக் கருத்து என்ன? பால் கணக்குக்கு? எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பம் இல்லை.

பாதியில விட்டுடலாமா?

விடலாம். இதே ஆறு மாதத்தில் ஒரு தடித்த நாவலை இருநூறாம் பக்கத்தில் விட்டேன். பெயர் சொல்லவில்லை. எனக்கு அது வேளை இல்லை, அவ்வளவுதான்.

நீங்க முடிவைச் சொல்லிட்டா படிக்கிற ஆர்வம் போயிடாதா?

நான்கின் முடிவையும் நான் இங்கே சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். சொன்னவை தொடக்கமும் நடுவும். ஆனாலும் ‘தண்ணீர்’ மாதிரி நாவலுக்கு முடிவு தெரிந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ‘புத்தம் வீட்’டில் மட்டும் ஒரு கொலையும் சந்தேகமும் வருகின்றன, அதைத் தெரிந்துகொள்ளாமல் போங்கள்.

பெரியம்மா, எனக்குப் பதினஞ்சு வயசு. ‘வெக்கை’ படிக்கலாமா? அம்மா வேண்டாங்கறாங்க.

இது என் தங்கை மகன் கேட்டது, உண்மையிலேயே யோசிக்க வைத்துவிட்டான். சிதம்பரத்துக்கும் அதே வயது. வெட்டு, ரத்தம், வெடிகுண்டு எல்லாம் இருக்கிற நாவல். ஆனால் அவன் கையில் இருக்கும் போனில் அதைவிட மோசமானது, ஒரு காரணமும் சொல்லாமல் வந்து போகிறது. இங்கே ஒரு வெட்டுக்குப் பின் என்னென்ன சுமக்க வேண்டும் என்று புத்தகம் முழுக்க இருக்கிறது.

தங்கையிடம் பேசி, இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள் என்று சொன்னேன். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பக்கம், மாற்றி மாற்றி வாய்விட்டுப் படிக்கிறார்களாம். அப்பா பேசும் இடங்களை அவன்தான் படிப்பேன் என்கிறானாம்.

படிச்சது எல்லாம் மறந்துபோகுதே, அப்புறம் எதுக்கு?

பெயர்கள் எனக்கும் மறக்கும். ஒரு சின்ன நோட்டில் புத்தகத்துக்கு மூன்று வரி எழுதி வைக்கிறேன்: எந்தப் பக்கத்தில் நின்றேன், யாருடைய ஞாபகம் வந்தது, யாரிடம் சொன்னேன். கதைச் சுருக்கம் எழுதுவதில்லை.

உங்களுக்குப் பிடிச்ச புத்தகம் எனக்குப் பிடிக்கலன்னா, எனக்கு ரசனை இல்லன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. ‘தண்ணீர்’ எனக்கு எவ்வளவு பிடித்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா தொடர்கதை படித்து வளர்ந்தவர், கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு நாளில் முடித்துவிட்டார். எப்படி இருந்தது என்று ஆவலாகக் கேட்டேன். ‘நல்லாத்தான் எழுதியிருக்கார். ஆனா ராத்திரி குடத்தை வரிசையில வெச்சுட்டு வந்து படுத்தா தூக்கம் வருமா? நகத்திடுவாங்களோன்னு எத்தனை தடவை எந்திரிச்சுப் போய்ப் பாப்போம்! அதை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்’ என்றார். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.